அறுபத்தெட்டா, எண்பத்தொன்பதா

அம்மா டோக்கனைச் சாப்பாட்டு மேஜையின் நடுவில் வைத்தாள். "இன்னைக்கு அறுபத்தெட்டைக் கூப்பிட்டு பதில் சொல்லிடுவாங்களாம். நீயும் கூட வா. டாக்டர் பேசறது எனக்குப் பாதி புரியாது."

எதிரே உட்கார்ந்து ரொட்டியை மென்றுகொண்டிருந்த மகள் எட்டிப் பார்த்தாள்.

"எண்பத்தொன்பதும்மா."

"எனக்குக் கண்ணு இன்னும் அவிஞ்சு போகல."

"எனக்கும்தான் அவியல. எட்டு, ஒன்பது. எண்பத்தொன்பது."

"வந்துட்டா பட்டதாரி."

அந்த வீட்டில் அவளுக்கு அதுதான் பேர். இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் என்று அப்பா பெருமையாக வைத்தது. அப்பா போன பிறகு அம்மா அதைப் பெரும்பாலும் குத்திக்காட்டத்தான் எடுத்தாள். குழாய் சொட்டினால் பட்டதாரி மூடியது, பால் பொங்கினால் பட்டதாரி பார்த்துக்கொண்டது.

"நல்லாப் பாரு" என்று அம்மா டோக்கன் வில்லையைத் திருப்பி மகளின் பக்கம் தள்ளினாள். இப்போது மகளுக்கு அறுபத்தெட்டு தெரிந்தது. அம்மாவுக்கு எண்பத்தொன்பது தெரிந்தது. இருவரும் சிரித்துவிட்டார்கள். அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மகளின் சிரிப்பு பாதியில் நின்றது. அந்த ஆறையும் எட்டையும் ஒன்பதையும் வரைந்தவள் அவள்.

எழுத்துரு வரையும் ஒரு சின்ன அலுவலகத்தில் அவளுக்கு வேலை. அது என்ன வேலை என்று அம்மாவுக்கு இன்னும் விளங்கிய பாடில்லை. "எழுத்தைத்தான் எப்பவோ கண்டுபிடிச்சாச்சே, நீங்கல்லாம் உக்காந்து என்ன பண்றீங்க?" என்பாள். ஓட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கைவிரிப்புகளை இஸ்திரி போடுகிறவள் அவள். வேலை என்றால் சாயங்காலம் அடுக்கிக் காட்ட ஏதாவது இருக்கவேண்டும் அவளுக்கு. மகள் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஒற்றை எழுத்தின் தொப்பையை மயிரிழை உள்ளே தள்ளிவிட்டு, களைத்துப் போய் வீட்டுக்கு வருவாள்.

அலுவலகத்தை நடத்துபவரை முதுகுக்குப் பின்னால் எல்லோரும் காம்பஸ் என்றார்கள். வட்டம் என்றால் வட்டமாகவே இருக்கவேண்டும் அவருக்கு. நீள்வட்டத்தைக் கண்டால் யாரோ உட்கார்ந்து நசுக்கிவிட்டது போல முகம் சுளிப்பார். அவருடைய ஆசைக் குழந்தைதான் பஞ்சு. அது அந்த எழுத்துருவுக்கு அலுவலகத்துக்குள் வழங்கிய செல்லப்பேர். முழு வட்டங்களும் நேர்க்கோடுகளும் மட்டுமே அதற்கு எலும்பு. எல்லாக் கோடும் ஒரே தடிமன். கோடு முடிகிற இடமெல்லாம் விரல்நுனி மாதிரி உருண்டிருக்கும். எங்கேயும் ஒரு முனை கிடையாது, ஒரு கூர் கிடையாது. "இந்த எழுத்து யாரையும் குத்தாது" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லுவார். குழந்தைப் பவுடர்க்காரர்கள் வாங்கினார்கள், பள்ளிக்கூட வேன்காரர்கள் வாங்கினார்கள், பல்லுக்குக் கம்பி கட்டுகிறவர் வாங்கினார். கெட்ட செய்தியைக்கூட மெத்தையில் வைத்து நீட்டலாம் என்பதுதான் அதன் வியாபாரமே.

பஞ்சுவின் எண்களைப் பட்டதாரியிடம் விட்டார்கள். ஒன்று, வெறும் குச்சி. பூஜ்யம், வட்டம். எட்டுக்கு இரண்டு வட்டம். ஒரே அளவில் இரண்டு வட்டத்தை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் மேலே இருப்பது கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் என்பது அவள் படித்த பாடம். அதனால் முதலில் மேல்வட்டத்தைக் கொஞ்சம் சுருக்கித்தான் வரைந்தாள். காம்பஸ் அதை அளந்து பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். சரி, உன் வட்டத்தை நீயே வைத்துக்கொள் என்று கடுப்பில் இரண்டையும் ஒரே அளவாக்கினாள். ஆறு, ஒரு வட்டமும் ஒரு வாலும். ஒன்பதைத் தனியாக வரையவே இல்லை. ஆறை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி வைத்தாள். திரையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது அவளுக்கே மெய்சிலிர்த்தது. அப்படி ஒரு பொருத்தம்.

பேருந்தில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். பட்டதாரி நின்றபடியே காம்பஸுக்கு ஃபோன் போட்டாள். பெண்களின் மார்பகப் பரிசோதனை மையத்துக்குச் செய்து கொடுத்தோமே, அந்த டோக்கனில் எது அடிப்பக்கம் என்று தெரிய ஆறுக்கும் ஒன்பதுக்கும் அடிக்கோடு போட்டுத்தானே அனுப்பினோம் என்று கேட்டாள். போட்டிருக்கவேண்டும், நமக்கு வந்த ஒன்றில் மட்டும் அச்சுக்காரன் விட்டிருக்கவேண்டும் என்று அவளுக்குள் ஒரு நப்பாசை.

"நான் போடலாம்னு சொன்னேன். நீதானே வேண்டாம்னு சண்டை போட்ட" என்றார் காம்பஸ்.

போட்டாள்தான். இப்போது ஒவ்வொரு சொல்லும் நினைவுக்கு வந்தது. வாடிக்கையாளர்கள் எதிரிலேயே எழுந்து, அடிக்கோடு போட்டால் வட்டத்துக்கு மீசை ஒட்டியது மாதிரி இருக்கும் என்றாள். ஆறு எது ஒன்பது எது என்று தெரியாதவர்களா வரப்போகிறார்கள் என்றும் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் வாயைத் திறந்தாலே வேறு பக்கம் பார்க்கிற அறை அது. அன்றைக்குத்தான் முதல்முறையாக அவள் பக்கம் திரும்பியது. அடிக்கோடு போயே போய்விட்டது.

"என்னவாம்?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா மூஞ்சி இப்படிப் போகுது?"

மையத்தில் யாரிடமும் பேர் கேட்பதில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு பாதிப் பெண்கள் வரமாட்டார்கள் என்று அங்கே அப்படி ஒரு ஏற்பாடு. வந்ததும் ஒரு வட்ட வில்லை கொடுப்பார்கள். மார்பைப் படம் எடுக்கும்போது அந்த எண்ணைப் படத்தின் மேல் குறித்துக்கொள்வார்கள். வில்லையோடு வீட்டுக்குப் போய்விட்டு, அடுத்த வாரம் அதைக் காட்டிப் பதில் கேட்கவேண்டும். அம்மா இதை வெகுவாகப் பாராட்டியிருந்தாள். நூறு பேர் நடுவில் அவள் பேரை யாரும் ஏலம் போடவில்லை.

காத்திருக்கும் கூடத்துச் சுவரில் 'பயப்பட ஒன்றுமில்லை' என்று ஆளுயரத்துக்கு எழுதியிருந்தது. பஞ்சுதான். அந்த எழுத்துகளுக்கு நடுவில் இடைவெளி சரிசெய்தவளும் பட்டதாரிதான். சுவர் சொல்வதை நம்புவதா, சொல்லவைத்தவளே நாம்தானே என்று நினைப்பதா என்று தெரியாமல் அதன் கீழே போய் நின்றாள்.

அம்மா வில்லையைக் கவுன்ட்டரில் வைத்தாள். நர்ஸ் அந்தப் பக்கத்திலிருந்து குனிந்து பார்த்தாள். "எண்பத்தொன்பது" என்றவள் நிமிர்ந்து, கூடத்தின் மூலையைப் பார்த்தாள். அங்கே காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு தோல்பை.

"அவங்களும் எண்பத்தொன்பதுன்னுதானே இப்ப காட்டினாங்க" என்றாள் நர்ஸ்.

காக்கிச் சட்டைக்காரி எழுந்து வந்தாள். நகரப் பேருந்து ஓட்டுகிறவள். சத்தமான குரல், தோளும் அதற்குத் தகுந்த அகலம். தன்னுடையது அறுபத்தெட்டு என்று வாங்கும்போதே பார்த்ததாகவும், கவுன்ட்டரில்தான் அது எண்பத்தொன்பதாகிவிட்டது என்றும் சொன்னாள். "காலையிலேர்ந்து எனக்குத்தான் மூளை கழண்டுடுச்சுன்னு நினைச்சேன். நல்லவேளை, துணைக்கு ஆள் இருக்கு."

வில்லைகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஒன்றைத் திருப்பினால் மற்றது. நர்ஸ் உள்ளே போய், முகம் மாறித் திரும்பி வந்தாள். எண்பத்தொன்பது என்று குறித்த படங்கள் இரண்டு இருந்தன. யாரோ ஒருத்திக்குத்தான் இரண்டு தடவை எடுத்திருக்கிறார்கள் என்று இதுவரை நினைத்திருந்தார்கள். அறுபத்தெட்டு என்று எந்தப் படமும் இல்லை. வில்லையை வாங்கிக்கொண்டு படம் எடுக்காமலே வீட்டுக்கு ஓடிப்போன பெண்ணாக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

"ரெண்டு படமும் எப்படி இருக்கு?" என்று பட்டதாரி கேட்டாள்.

நர்ஸ் அம்மாவைப் பார்த்தாள், டிரைவரைப் பார்த்தாள், பிறகு மேஜையைப் பார்த்துச் சொன்னாள். "ஒண்ணுல எதுவும் இல்ல. இன்னொண்ணுல ஒரு கட்டி மாதிரி தெரியுது. டாக்டர் ஊசி போட்டுக் கொஞ்சம் எடுத்துப் பாக்கணும்னு சொல்லியிருக்காங்க."

மூன்று பேரும் வில்லைகளைப் பார்த்தார்கள். அவை பளபளவென்று, பால்வெள்ளையில், குழந்தை வாயில் போட்டுக்கொண்டால்கூடக் குத்தாத மாதிரி கிடந்தன.

பட்டதாரிக்குக் கோபம் மூக்குநுனிக்கு வந்தது. ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை. தெரியாத கோபத்துக்கு ஏதாவது வேலை கொடுத்தாகவேண்டும். இரண்டு வில்லையையும் எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனாள். அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கில், உருகியது உள்ளே நுழைந்த இடத்தில் ஒரு சின்னப் பொட்டு இருக்கும். வார்ப்புக்கு அனுப்பிய வரைபடத்தில் அதை எண்ணின் அடிப்பக்கமாகத்தான் வைத்திருந்தார்கள். அவளுக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. விளிம்பை நகத்தால் தடவினாள். இருந்தது. பொட்டு கீழே வரும்படி பிடித்தால் அம்மாவுடையது அறுபத்தெட்டு. டிரைவருடையது எண்பத்தொன்பது.

"கண்டுபிடிச்சுட்டேன்" என்று ஓடிவந்தாள். நர்ஸின் விரலைப் பிடித்துப் பொட்டைத் தடவவைத்தாள். வார்ப்பு எப்படி நடக்கும், பொட்டு ஏன் வரும், ஏன் அது பொய் சொல்லாது என்று மூச்சுவிடாமல் விளக்கினாள். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் மகள் இப்படிப் பேசி அவள் பார்த்ததில்லை. வாயைக் கொஞ்சம் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். டிரைவரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள்.

நர்ஸ் கடைசிவரை பொறுமையாக இருந்தாள். "சரிம்மா. இது அறுபத்தெட்டு, அது எண்பத்தொன்பது. ரெண்டு படத்துலயும் எண்பத்தொன்பதுன்னுதானே எழுதியிருக்கு? இதுல அம்மாவோட படம் எது?"

பட்டதாரி வில்லைகளைக் கவுன்ட்டரில் வைத்தாள். வில்லையில் உண்மையாகவே என்ன எண் இருக்கிறது என்பதற்கும், படம் எடுத்தவள் எந்தப் பக்கம் நின்று பார்த்தாள் என்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இவ்வளவு நேரம் அவள் நிரூபித்தது ஒரு காசுக்குப் பிரயோஜனப்படாத உண்மை.

"இதை வரைஞ்சது நான்தான்" என்றாள்.

"எதை?"

"இந்த நம்பரை. ஆறு, ஒன்பது, எட்டு."

நர்ஸுக்கு அது ஏறவில்லை. நம்பரை யாராவது வரைவார்களா என்கிற மாதிரி பார்த்தாள். அம்மா மட்டும் மகளின் பக்கம் மெதுவாகத் திரும்பினாள். இத்தனை நாளும் கேட்ட கேள்விக்கு இங்கே வந்து பதில் கிடைத்த முகம்.

"அப்பாடா, திட்டறதுக்கு ஒரு ஆள் கிடைச்சாச்சு" என்றாள் டிரைவர். ஆனால் திட்டவில்லை. பட்டதாரி காத்துக்கொண்டிருந்தாள். யாரும் திட்டவில்லை. நர்ஸ் உள்ளே போய் டாக்டரிடம் பேசிவிட்டு வந்தாள். இருவருக்கும் மறுபடி படம் எடுத்து, பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம், ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும் என்றாள். இந்தத் தடவை பேர் கேட்டாள். அம்மாவும் டிரைவரும் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து, அவள் காதோடு சொன்னார்கள்.

அம்மா முதலில் உள்ளே போனாள். பெஞ்சில் பட்டதாரியும் டிரைவரும் இருந்தார்கள். டிரைவர் பேச்சை நிறுத்தவில்லை. அவளுக்கு இரண்டு பையன்கள், மூத்தவன் சமைப்பான், சின்னவன் சமைத்ததைக் குறை சொல்லுவான். வண்டியைத் திருப்பும்போது பின்னால் பார்க்காமல் குறுக்கே வருகிற சைக்கிள்காரர்களை எல்லாம் பிறவி வாரியாகத் திட்டினாள். திடீரென்று பேச்சை விட்டுவிட்டு, பட்டதாரியின் முழங்காலைத் தட்டினாள்.

"உங்கம்மாவுக்கு ஒண்ணும் இருக்காது, பாப்பா. பயப்படாத."

உங்களுக்கும் ஒன்றும் இருக்காது என்று பதில் சொல்வதுதான் மரியாதை. யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். இரண்டு படம், ஒரு கட்டி. அம்மாவுக்கு இல்லை என்றால் இவளுக்கு. இவளுக்கு இல்லை என்றால் அம்மாவுக்கு. இந்தப் பெண்ணுக்கு நல்லது நினைத்தால் அது அம்மாவின் மேல் போய் உட்காருகிறது. பேருந்தில் வந்தபோதும், கவுன்ட்டரில் நின்றபோதும் பட்டதாரியின் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்த வேண்டுதல் ஒன்றே ஒன்றுதான், அம்மாவுக்கு இருக்கக்கூடாது. கவுன்ட்டரிலிருந்து அது இந்த அகலமான தோளைப் பார்த்துத்தான் நீட்டப்பட்டிருந்தது என்று இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உறைத்த பிறகும் அதை நிறுத்த முடியவில்லை.

"தண்ணி வேணுமாக்கா?" என்றாள். அதுதான் வாயில் வந்தது.

அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். டிரைவர் உள்ளே போனாள், வந்தாள். பிறகு டாக்டர் இருவரையும் சேர்த்துக் கூப்பிட்டாள். மகள் எழுந்தபோது, நோயாளிகள் மட்டும் என்று கையைக் காட்டிவிட்டார்கள்.

கதவு மூடியது. கதவின் மேல் 'ஆலோசனை' என்று எழுதியிருந்தது. அந்த எழுத்தின் ஒவ்வொரு வளைவும் அவளுக்கு மனப்பாடம். கண்ணை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் அவள் கைவேலையே எதிரில் நின்றது. கழிவறைக் கதவில், தண்ணீர்க் குவளையில், நர்ஸின் சட்டைப் பையில். எதையும் அவளால் வாசிக்க முடியவில்லை. வட்டங்களும் குச்சிகளுமாகத்தான் தெரிந்தன.

அம்மா வெளியே வந்தாள். கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள்.

"எனக்கு ஒண்ணுமில்லையாம்" என்றாள், எதையோ திருடிக்கொண்டு வந்த மாதிரி கிசுகிசுப்பாக.

பட்டதாரி அவளைக் கட்டிக்கொண்டாள். சந்தோஷம் தலைகால் தெரியாமல் பொங்கியது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. இந்தக் கூடத்தில் வைக்க இடமில்லை. அம்மாவின் தோளுக்கு மேலே அந்த மூடிய கதவு தெரிந்தது.

"அந்த அக்காவுக்கா?"

அம்மா தலையை ஆட்டினாள். "சின்னதுதானாம். இன்னைக்கே ஊசி போட்டுப் பாக்கறாங்களாம். உள்ள தனியா உக்காந்திருக்கா, பாவம். பையனுங்களுக்குச் சொல்லாதீங்கன்னு சொல்றா. நான் போய்க் கூட இருக்கேன். நீ இதைப் பிடி." டிரைவரின் தோல்பையை மகளின் தோளில் மாட்டிவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டாள்.

பை கனமாக இருந்தது. உள்ளே சாவிக்கொத்து குலுங்கியது. வீட்டுக்குப் போகலாமா, போகக்கூடாதா, உட்காரலாமா, நிற்கவேண்டுமா என்று புரியாமல் பட்டதாரி கூடத்தின் நடுவில் நின்றாள். ஒருவாறு எல்லாம் தெளிந்துவிட்டது என்றும் தோன்றியது. தவறு நடந்தது, கண்டுபிடித்தாயிற்று, அம்மா பிழைத்தாள். அதற்கு மேல் அவள் செய்வதற்கு என்ன இருக்கிறது?

கவுன்ட்டரில் இப்போது வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் ஊசிக்காக உள்ளே போயிருந்தாள். கூந்தலை அவசரமாக முடிந்துகொண்டு ஒருத்தி வந்து தன் வில்லையை வைத்தாள். நடுவயது, கையில் காய்கறிப் பை. கவுன்ட்டர்ப் பெண் எட்டிப் பார்த்து, கணினியில் தட்டினாள்.

"பதினாறு. உங்களுக்கு எல்லாம் நல்லா இருக்கு. போய்ட்டு வாங்க."

காய்கறிப் பைக்காரி பெருமூச்சு விட்டுச் சிரித்தாள். முகமே தெளிந்து பளிச்சென்றாகிவிட்டது அவளுக்கு.

பட்டதாரி நின்ற இடத்திலிருந்து வில்லை தெரிந்தது. தொண்ணூற்றொன்று.

அவள் வரைந்த ஒன்றுக்கு மூக்கு கிடையாது, அடி கிடையாது. வெறும் குச்சி. அது எப்படித் திருப்பினாலும் ஒன்றுதான். பதினாறும் தொண்ணூற்றொன்றும். பதினெட்டும் எண்பத்தொன்றும். பத்தொன்பதும் அறுபத்தொன்றும். வெறும் ஆறும் வெறும் ஒன்பதும். தலைக்குள் ஒவ்வொன்றாகத் தலைகீழாகப் புரண்டன. அந்த எண்களை வாங்கியவர்களில் எத்தனை பேர் காலையிலேயே நல்ல செய்தி கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்? எத்தனை பேர் அழுதுகொண்டு போயிருப்பார்கள்?

காய்கறிப் பைக்காரி வாசலை நெருங்கிவிட்டாள். பட்டதாரி ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள். தோளில் யாருடையதோ பை, மூச்சு வாங்கியது.

"அக்கா, கொஞ்சம் இருங்க. போகாதீங்க. அது உங்களோட பதில்தானான்னு தெரியாது."

அந்தப் பெண்ணின் முகத்திலிருந்து அந்த வெளிச்சம் வடிய ஆரம்பித்தது. அவள் கவுன்ட்டரைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு இவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நல்லா இருக்குன்னு அவங்களே சொல்லிட்டாங்க. அதை இல்லன்னு சொல்ல நீ யாரும்மா?"

டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை. இந்த மையத்தில் அவளுக்கு ஒரு நாற்காலிகூடக் கிடையாது. ஆனால் பட்டதாரி வழியை விடவில்லை.